கொழுந்தின் நேரமும் மென்பொருளின் நேரமும்

மலையகத்துத் தேயிலைத் தொழிலில் நிறைக்கு அடுத்தபடியாகப் பேணப்படுவது நேரமே. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய இடங்களில் ஸ்டோர் என வழங்கும் ஆலைக்குள் கொழுந்து புகுந்தது முதல், தேயிலையாய்ப் பொதியப்பட்டு வெளியேறும் வரை, ஒவ்வொரு படியும் மணிக்கூட்டுக்கு உட்பட்டதாகும். வாட்டுதலுக்கு 12 முதல் 18 மணித்தியாலம் வரை செல்லும். உருட்டுதல் ஒரு முறைக்கு ஏறத்தாழ அரை மணித்தியாலம். உலர்த்துதல் 20 நிமிட அளவினது. இடையில் நிகழும் நொதித்தலோ நிமிடக் கணக்கில் கெடக்கூடியது. நொதித்தல் என்பது பழகிய பெயரேயன்றி, உண்மையில் அது ஒட்சியேற்றமாகும். அது குறைந்தால் பச்சை வாடை நிற்கும். மிகுந்தால் சாயத்தின் ஒளி மங்கும். ஆதலின் டீமேக்கர் ஏட்டில் நேரம் குறிக்கின்றார்.

மென்பொருள் ஆக்கும் குழுக்களும் இன்று இத்தகையதோர் ஏட்டை நாடுகின்றன. ஒரு மாற்றம் எழுதப்பட்ட நேரம், பிறர் அதனைப் படித்து ஒப்பிய நேரம், மூலத்தோடு சேர்ந்த நேரம், சோதனை முடிந்த நேரம், பயன்படுத்துவோர் கையை அடைந்த நேரம் ஆகியன அவர்களது மைல்கற்கள். இவற்றைத் திரட்டி ஒரே திரையில் காட்டுவதை டாஷ்போர்ட் என்பர். தமிழில் காலப்பலகை எனலாம். கொழும்பிலும் சென்னையிலும் பணிபுரியும் குழுக்களுக்கு இது புதியதன்று. ஆயினும் இதனை அமைப்பதில் நேரும் பிழைகள் பலவும் ஸ்டோர் நெடுங்காலமாக அறிந்தவையே.

முதலாவது வினா, கடிகாரம் எப்பொழுது தொடங்குகின்றது என்பது. நொதித்தலுக்கெனக் கொழுந்து பரப்பப்படும் வேளையிலிருந்து அந்நேரம் கணிக்கப்படுவதன்று. இலை உருளியில் இடப்பட்டு நசுங்கத் தொடங்கிய கணமே அதன் தொடக்கம். பரப்பிய பின்னர் எண்ணுபவர் கணக்கில் அரை மணித்தியாலமோ அதற்கு மேலுமோ காணாமற் போய்விடும். இதனினும் நுட்பமானதொன்று உண்டு. மலையில் கொய்த கொழுந்து சாக்கில் இறுகத் திணிக்கப்பட்டு, மடுவத்து வாசலில் வெயிலில் லொறிக்குக் காத்துக் கிடக்குமாயின், அது அங்கேயே நசுங்கிச் சூடேறி ஒட்சியேறத் தொடங்குகின்றது. ஏட்டில் அந்நேரத்துக்கு இடமில்லை. தேநீரில் மட்டும் அது தெரியும்.

மென்பொருளிலும் நிலைமை இதுவே. கிட் என்னும் பதிவுமுறை, 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கியது, ஒவ்வொரு மாற்றத்தின் நேரத்தையும் தானே குறித்து வைக்கின்றது. அதிலிருந்து கணக்கெடுப்பது எளிது. ஆனால் வாடிக்கையாளர் விடுத்த வேண்டுகோள் இரண்டு மாதம் எவர் கையும் படாமற் கிடந்த பின்னரே முதல் வரி எழுதப்பட்டிருக்கலாம். அவ்விரு மாதமும் கிட்டின் கண்ணுக்குத் தெரியாதவை. பலகை ‘மூன்று நாள்’ என்று காட்டும். கேட்டவருக்கோ அது அறுபத்து மூன்று நாள். எனவே வேண்டுகோள் வந்த நேரமும் ஒரு மைல்கல்லாகக் குறிக்கப்படல் வேண்டும்.

முடிவும் அவ்வாறே ஆராயத்தக்கது. தேயிலை ஸ்டோரை விட்டுப் போனதும் வேலை முடிந்ததெனத் தோட்டம் எண்ணலாம். ஆனால் 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் அது விலைபோன பின்னரே பணம் வரும். 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றுக் காலத்தில், அவ்வேலம் கணனி வழிக்கு மாறியது. விற்கும் முறை மாறியதேயன்றி முடிவிடம் மாறவில்லை.

பதியும் முறையில் சில கட்டுப்பாடுகள் இன்றியமையாதவை. ஒரு மைல்கல்லுக்கு ஒரு வரி: எக்குழு, எவ்வெளியீடு, எப்படி, எந்நேரம். சோதனையில் தோற்று மீண்டும் எழுதச் சென்ற வெளியீட்டுக்குப் பழைய வரியை அழித்தல் ஆகாது. புதிய வரி சேர்க்க வேண்டும். உருட்டிய கொழுந்தைச் சல்லடையிட்டு முதல் தூள், இரண்டாம் தூள் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் குறிப்பது போல, ஒரே வெளியீட்டின் பகுதிகளுக்கும் தனி நேரம் தேவை. நேரத்தை ஒரே உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குதல் நன்று. 1996 இல் இலங்கையின் மணிக்கூடு இருமுறை மாற்றப்பட்டதையும், 2006 ஏப்ரலில் பழைய நிலைக்கு மீண்டதையும் நினைவுகூர்வோருக்கு இதன் காரணம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்துக் கணக்கு. ஐந்து வெளியீடுகள் முறையே 2, 3, 3, 4, 28 நாள் எடுத்தன என்க. சராசரி 8 நாள். ஆனால் எந்த வெளியீடும் எட்டு நாளுக்கு அண்மையில் இல்லை. வரிசையின் நடுவில் நிற்கும் இடையம் 3 நாள்; அதுவே வழக்கமான நிலையைக் காட்டுவது. அதனால் 28 நாளை மறத்தலும் தகாது. இடையத்தோடு மிக நீண்டதனையும் பக்கத்தில் காட்டும் பலகையே நேர்மையானது.

வேலை செய்த நேரமும் காத்திருந்த நேரமும் பிரித்துக் காட்டப்படல் வேண்டும். திங்கட்கிழமை முடிந்த மாற்றம் வியாழக்கிழமை ஒப்பப்படுகின்றது. ஒப்புதற்குச் சென்றது அரை மணித்தியாலமே. எஞ்சிய காலமெல்லாம் வரிசையில் நின்றது. இதற்கு ஜோன் லிட்டில் 1961 இல் நிறுவிய விதி துணைபுரியும்: கையிலுள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கை, அவை வரும் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கியதற்குச் சமம். நாளுக்கு இரண்டு மாற்றம் வந்து இரண்டு முடியும் குழுவின் கையில் இருபது இருப்பின், ஒவ்வொன்றும் சராசரி பத்து நாள் தங்கும். விரைந்து எழுதுமாறு எவரை ஏவினும் இக்கணக்கு அசையாது. கையிலுள்ளதைக் குறைத்தலே வழி.

விரைவு மட்டும் அளவாகாது. நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் 2018 இல் வெளியிட்ட நூல், விரைவோடு, வெளியிட்டவற்றுள் பழுதானவற்றின் பங்கையும் பழுது நீக்கும் காலத்தையும் சேர்த்தே அளக்கச் சொல்கின்றது. இலங்கையில் பிறந்த மில்லேனியம் ஐடி நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009 இல் வாங்கி, அதன் மென்பொருளைத் தன் வணிகத்துக்கு ஏற்றது. அம்மென்பொருளில் முதலில் இயங்கிய டர்குவாய்ஸ் என்னும் துணைச் சந்தை 2010 நவம்பர் 2 இல் தடைப்பட்டது. தலைமைச் சந்தையின் மாற்றம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டு, 2011 பெப்ரவரி 14 இல் நடந்தது. குறித்த தேதி தவறியதை ஒரு பலகை குற்றமாகச் சிவப்பில் காட்டியிருக்கக்கூடும். நிறுத்தி நிதானித்தது அறிவுடைமை என்பதை அது காட்டியிராது.

இனி, பலகையில் எவர் பெயர் எழுதப்படும் என்பது. தோட்டத்து நிறுவை இதற்குக் கசப்பான சான்று. கொய்பவர் கொண்டுவந்த கிலோ, குறித்த அளவுக்குக் குறைந்தால் அன்றைய நாள் அரைப்பேராகிவிடும். கவ்வாத்து வெட்டி நாளாகிய மலையா, கோடையில் கொழுந்து வற்றிய நிரையா, சரிவா, மழையா என்பனவற்றைத் தராசு அறியாது. நிலத்தின் குறை ஆளின் குறையாக ஏட்டில் ஏறுகின்றது. அளவு நிறைய வேண்டி முற்றிய இலையையும் பறித்துப் போடுவர். நிறை கூடும், தேயிலை கெடும். அளவே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவாக இராது என்னும் கருத்து, 1975 இல் சாள்ஸ் குட்ஹார்ட் எழுதியதனின்று வழங்கிவருகின்றது. மடுவத்தில் நிற்பவர்க்கு அது முன்னரே தெரிந்ததுதான்.

மென்பொருளாளர் பெயருக்கு நேரே நாட்கணக்கு எழுதப்படுமாயின், அவரும் முற்றிய இலை பறிப்பார். ஒரு மாற்றத்தைப் பத்தாகக் கூறுபோட்டு எண்ணிக்கை காட்டுவார். கடினமான வேலையைத் தொடமாட்டார். ஆகவே பலகையில் படிகளின் பெயர் இருக்கலாம், குழுவின் பெயரும் இருக்கலாம். தனியாள் பெயர் வேண்டியதில்லை. அதனைக் குழுவே முதலில் பார்த்தல் வேண்டும். மேலதிகாரி பார்ப்பது அதன் பின்னர்.

இன்னொன்று, பெரும்பாலான பலகைகள் முடிந்தவற்றை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. நாற்பது நாளாக முடியாமற் கிடப்பது எச்சராசரியிலும் ஏறாது. அதனால் முடியாதவற்றுக்கென ஒரு தனி வரிசை அமைத்து, ஒவ்வொன்றின் வயதையும் எழுதி, மூத்ததைத் திரையின் தலைப்பில் நிறுத்துதல் வேண்டும். காலையில் ஸ்டோருக்குள் நுழையும் டீமேக்கர், முந்தைய நாள் உலர்ந்த தேயிலையைப் பார்க்குமுன், வாட்டுதொட்டியில் கிடக்கும் இலையைத்தான் கையில் அள்ளிப் பார்க்கின்றார்.