ஆணியைப் பிடிக்கும் கை



பெருநாளுக்கு இன்னும் நான்கைந்து நாட்களே இருக்கின்றன. சுவருக்குப் பூச்சு அடித்தாயிற்று. உம்மா புதுத் திரைச்சீலை தைத்து மடித்து வைத்திருக்கிறார். அதைத் தொங்கவிடுவதற்கான மரச் சட்டத்தை யன்னல் நிலையின் மேல் அடிக்க வேண்டியது வாப்பாவின் வேலை. அவர் கதிரையில் ஏறி, இடது கையால் சட்டத்தை அழுத்திப் பிடிக்கிறார். வலது கையில் சுத்தியல் இருக்கிறது. ஆணியைப் பிடிப்பதற்கு மூன்றாவது கை இல்லை. உடனே குரல் கொடுக்கிறார்.

"மகன், ஓடி வாங்க. இந்த ஆணிய ஒருக்காப் புடிங்க."

இந்தக் காட்சி நடக்காத வீடு எமது ஊர்களில் இருக்குமா என்பது சந்தேகமே. எனது வீட்டிலும் நடந்தது. அப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. மேசை மேல் ஏறி நின்று ஆணியைப் பிடித்தான். இரண்டு அடி சரியாக விழுந்தது. மூன்றாவது அடி ஆணித் தலையில் வழுக்கி அவன் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்து, சில வாரங்களில் கழன்று விழுந்தது. புது நகம் முழுதாக வளர ஏறத்தாழ ஆறு மாதம் சென்றது. அழுகையை ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு நான் சுத்தியலைக் கையில் எடுத்தாலே அவன் மெல்ல அறையை விட்டுப் போய்விடுவான். நகத்தை விட எனக்கு வலித்தது அதுதான்.

இந்தச் சம்பவத்தை எமது ஊரின் முதிய ஓடாவியார் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. தனது பெட்டியிலிருந்து ஒரு சாண் நீளமான மூங்கில் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அதன் ஒரு முனை பிளந்திருந்தது.

"தம்பி, அடிக்கிறவன்ட கைதான் ஆணியப் புடிக்கவும் வேணும். மத்தவன்ட கைய ஏன் கேக்கிறீங்க? ஒங்கட கைக்கும் பயமெண்டா இதால புடிங்க" என்றார்.

அந்தச் சிறிய கருவியைப் பற்றியும், அதன் பின்னால் உள்ள பெரிய பொறுப்பைப் பற்றியும்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

விரலில் அடி ஏன் விழுகிறது?

கவனக் குறைவு மட்டுமே காரணம் என்று பலரும் நினைக்கிறோம். அது முழு உண்மையல்ல. ஓர் அங்குல ஆணியின் தலை ஒரு மிளகின் அளவுதான் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் பெருவிரலோ அதைவிடப் பல மடங்கு பெரியது. சுத்தியல் சிறிது விலகினாலும் விரலில்தான் விழும். போதாக்குறைக்கு, விரலில் பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் நமது கண் ஆணித் தலையை விட்டு விரலையே பார்க்கிறது. கண் பார்க்கும் இடத்திற்கே கையும் போகிறது.

பெரும்பாலானோர் ஆணியின் அடிப்பாகத்தை, பலகையை ஒட்டினாற்போல் பிடிக்கிறார்கள். இது ஆபத்தான பிடி. அடி தவறினால் விரல் பலகைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் நசுங்கும். தலைக்குச் சற்றுக் கீழே பிடித்தால், தவறும் அடி விரலைத் தட்டி விலக்கிவிடும். வலிக்கும், ஆனால் நசுங்குவது குறைவு. இதைவிட நல்ல வழி, ஆரம்ப அடிகளின்போது விரலே அந்த இடத்தில் இல்லாமல் இருப்பதுதான். ஆணி தானாக நிற்கும் வரைக்கும்தான் அதற்குப் பிடி தேவை. அதற்கு இரண்டு மூன்று மெல்லிய தட்டுகளே போதும். அந்த இரண்டு மூன்று தட்டுகளுக்காகவே இந்தக் கருவி.

மார்க்கம் காட்டும் வழி

இவ்வளவு சிறிய விடயத்திற்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சற்றுச் சிந்தியுங்கள். நூஹ் (அலை) அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலைப் பற்றிக் கூறும்போது, அது பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்றே அல்குர்ஆன் (54:13) வர்ணிக்கின்றது. ஸகரிய்யா (அலை) அவர்கள் ஒரு தச்சராக இருந்தார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தாவூத் (அலை) அவர்கள் தமது கை உழைப்பிலிருந்தே உண்டார்கள். எமது நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்தார்கள். வீட்டு வேலைகளில் பங்கெடுத்தார்கள். கைவேலை எமக்கு இழிவானதல்ல.

அதேவேளை, கூரான பொருளை எப்படிக் கையாள்வது என்பதையும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அம்புகளோடு பள்ளிவாசலுக்குள்ளோ கடைத்தெருவிலோ செல்பவர், எவருக்கும் காயம் ஏற்படாதவாறு அவற்றின் முனைகளைப் பற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பணித்தார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதையும் தடுத்தார்கள். இவற்றின் கருத்து தெளிவானது. கூரான பொருள் யாருடைய கையில் இருக்கிறதோ, அதன் முனைக்கு அவரே பொறுப்பாளி. அடுத்தவர் விலகிக்கொள்ளட்டும் என்று இருக்க முடியாது.

இப்போது அந்தப் பெருநாள் காட்சியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். சுத்தியல் என் கையில் இருந்தது. அதன் ஆபத்தோ என் பிள்ளையின் விரலில் இருந்தது. அவன் மறுக்கவில்லை, மறுக்கவும் மாட்டான். வாப்பா கூப்பிட்டால் பிள்ளை வரும். அந்த நம்பிக்கைதான் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். "அல்லாஹ் பாதுகாப்பான்" என்று சொல்லிவிட்டு அடிப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள்.

நீங்களே செய்யலாம்

கடைகளில் ஆணி பிடிக்கும் கருவிகள் விற்கப்படுகின்றன. சிலவற்றில் பிளாஸ்டிக் கைபிடியின் நுனியில் வெவ்வேறு அளவில் வெட்டுகள் இருக்கும். சிலவற்றில் காந்தம் பொருத்தியிருக்கும். காந்தம் இரும்பு ஆணியை மட்டுமே பிடிக்கும். பித்தளை, செம்பு ஆணிகளைப் பிடிக்காது. ஆனால் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஓடாவியார் எனக்குத் தந்ததைப் போன்ற ஒன்றை அரை மணி நேரத்தில் வீட்டில் செய்துகொள்ளலாம்.

நன்கு காய்ந்த மூங்கிலிலிருந்து 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்புள்ள ஒரு பட்டையைச் சீவி எடுங்கள். ஒரு முனையிலிருந்து மூன்றரை அங்குலம் தள்ளி, பட்டையைச் சுற்றி உறுதியான நூலாலோ மெல்லிய கம்பியாலோ இறுக்கிக் கட்டுங்கள். பிளவு அந்தக் கட்டைத் தாண்டி ஓடாமல் இருப்பதற்காகவே இது. பின்னர் அந்த முனையில், அகலத்தின் சரி நடுவில், நீளவாக்கில் கட்டு வரைக்கும் பிளந்துகொள்ளுங்கள். பிளவின் வாயிலிருந்து அரை அங்குலம் உள்ளே, இரு பக்கமும் எதிரெதிராகச் சிறு குழிவு ஒன்றைக் கத்தி முனையால் செதுக்குங்கள். ஆணி நிற்கும் இடம் அதுதான். கடைசியாக ஓரங்களை அரத்தாள் கொண்டு தேய்த்து விடுங்கள். மூங்கில் சிராய் கையில் ஏறினால் அதுவும் காயமே.

மூங்கிலைப் பிளக்கும் வேலை பெரியவருடையது. தேய்ப்பதையும் நூல் சுற்றுவதையும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

மூங்கில் கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றின் வாயில் ஆணியைக் கவ்வ வைத்து, கிளிப்பின் வால் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். நீண்ட மூக்குள்ள குறடும் உதவும். அரை அங்குலச் சின்ன ஆணிகளுக்குத் தடித்த அட்டைத் துண்டு ஒன்றே போதும். அதன் ஓரத்தில் ஆணியைக் குத்தி, அட்டையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். ஆணி நின்றதும் அட்டையைக் கிழித்து எடுத்துவிடலாம்.

பயன்படுத்தும் முறை

ஆணியைக் குழிவில் நிமிர்த்தி வையுங்கள். பட்டையைப் பலகையின் மேல் படுக்கையாக வைத்து, மறு முனையைப் பிடியுங்கள். இப்போது உங்கள் விரல்களுக்கும் ஆணிக்கும் இடையில் ஐந்தாறு அங்குல இடைவெளி இருக்கிறது. கண்ணை ஆணித் தலையில் வைத்து மெதுவாக இரண்டு மூன்று முறை தட்டுங்கள். ஆணி தானாக நின்றதும் பட்டையை உங்கள் பக்கமாக இழுத்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகே பலமாக அடிக்க வேண்டும். முழு ஆணியையும் பட்டையோடு சேர்த்து அடித்து இறக்க முயலாதீர்கள்.

சட்டத்தை உயரத்தில் பிடித்துக்கொண்டு ஆணியைத் தொடங்குவதும் தவறு. முதலில் தரையில் வைத்து, தேவையான ஆணிகளையெல்லாம் சட்டத்தில் முக்கால்வாசி இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு சட்டத்தைத் தூக்கி உரிய இடத்தில் வைத்து அடியுங்கள். மூன்றாவது கை தேவைப்படாது. பிள்ளை உதவ விரும்பினால், சட்டத்தின் மறு அந்தத்தைத் தாங்கிக்கொள்ளட்டும். சுத்தியலுக்குத் தூரமான இடம் அதுவே.

முதிரை, பாலை போன்ற வைரமான மரங்களில் ஆணி எளிதில் இறங்காது, வளைந்து தெறிக்கும். ஆணியை விடச் சற்று மெல்லிய துளையொன்றை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். கொங்கிரீட் ஆணி அடிக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். அந்த ஆணி வளைவதற்குப் பதிலாக உடைந்து பறக்கக் கூடியது.

இன்னுமொரு பழக்கத்தையும் விட வேண்டும். கை ஓயாத வேளையில் ஆணிகளை உதடுகளுக்கிடையில் கவ்விக்கொள்வது பலரின் வழக்கம். ஒரு தும்மல் போதும், ஆணி தொண்டைக்குள் போய்விடும். அதைப் பார்க்கும் பிள்ளையும் அப்படியே செய்யும். வெறும் யோகட் கோப்பை ஒன்றில் ஆணிகளைப் போட்டு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடி பட்டுவிட்டால்

உடனே விரலைக் குளிர்ந்த நீரில் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். நகத்தின் கீழ் இரத்தம் கட்டித் துடிக்கும் வலி இருந்தாலும், விரலை மடக்க முடியாவிட்டாலும், வடிவம் மாறியிருந்தாலும் வைத்தியரிடம் செல்லுங்கள். ஊசியைச் சூடாக்கி வீட்டிலேயே நகத்தைத் துளைக்க வேண்டாம்.

ஆணி குத்தி, தோல் கிழிந்திருந்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவுங்கள். ஏற்புவலி துருவினால் வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் இருக்கும் கிருமியே அதற்குக் காரணம். துருப்பிடிக்காத புதிய ஆணியும் அதைக் காயத்துக்குள் கொண்டுபோகலாம். கடைசியாக ஏற்புத் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று வைத்தியர் கேட்பார். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அந்தத் திகதியை எழுதி வையுங்கள்.

வேலை முடிந்த பின்

ஆணி அடித்து முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். கீழே விழுந்தவை, வளைந்தவை, பிடுங்கியவை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்த பின்பே அது முடிகிறது. நோன்பு காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் பந்தல் போடும் இளைஞர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அங்கே மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நெற்றியை நிலத்தில் வைக்கிறார்கள். எடுத்த ஆணிகளை எண்ணி, மிஞ்சியவற்றையும் எண்ணிப் பாருங்கள். பாதையிலிருந்து இடையூறு தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதை நாம் அறிவோம். அந்த இடையூறு நாமே சிந்தியதாக இருக்கும்போது, அகற்றும் கடமை இன்னும் கூடுகிறது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

"கையில் அடிபட்டுவிடும், தொடாதே" என்று பிள்ளைகளை விரட்டுவதும் நல்லதல்ல. அப்படி வளரும் பிள்ளை ஓர் ஆணி அடிப்பதற்கும் கூலிக்கு ஆள் தேடும். பெண் பிள்ளைகளையும் ஒதுக்க வேண்டாம். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தமது கையால் உழைத்து, அதிலிருந்து தர்மம் செய்தவர்கள். கற்றுக் கொடுங்கள், ஆனால் கருவியையும் சேர்த்துக் கொடுங்கள். அதைப் பயன்படுத்துவதைப் பார்த்து "இதுக்கும் ஒரு கிளிப்பா?" என்று எவரையும் கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் விரலைப் பலி கொடுக்கிறார்கள்.

என் வீட்டில் அந்த மூங்கில் துண்டை நானும் மகனும் சேர்ந்தே மீண்டும் செய்தோம். ஓடாவியாருடையதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். எங்களுடையது அவ்வளவு அழகாக வரவில்லை. முதல் ஆணியை நான் பட்டையால் பிடித்து அடித்துக் காட்டினேன். அவன் கதவருகில் நின்று பார்த்தான். இரண்டாவது ஆணிக்குச் சற்று அருகில் வந்தான். மூன்றாவது ஆணிக்கு, "வாப்பா, இத நான் அடிக்கட்டா?" என்று கேட்டான். அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே, அடுத்த முறை "மகன், இந்த ஆணிய ஒருக்காப் புடிங்க" என்று வாயெடுக்கும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். ஒரு மூங்கில் துண்டைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் எமது கைகளையும், எம்மை நம்பி நீளும் சின்னக் கைகளையும் பாதுகாப்பானாக!