உப்புக் காற்றும் இயந்திர மூடியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்திற்குச் செல்லும் ஊர்தி எதுவாயினும், இரு மருங்கும் கடல் சூழ்ந்த பாதையிலேயே செல்லல் வேண்டும். வேலணையைக் கடந்து ஊர்காவற்றுறையை அடைந்தாலும், வாணர் தாம்போதியைத் தாண்டிப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குச் சென்றாலும், உப்புக் காற்று அதனைத் தொடர்ந்தே வருகின்றது. நயினாதீவுக்குச் செல்லும் அடியார்களையும் நெடுந்தீவுக்குப் படகேறும் பயணிகளையும் இறக்கிவிட்ட கார்களும் வான்களும் கடலோரத்தில் மணிக்கணக்காகக் காத்து நிற்கின்றன. நெடுந்தீவிற்கோ பாலம் இல்லை. அங்கே ஓடும் காரும் ஒருநாள் படகிற் சென்றதேயாகும். இத்தகைய நிலத்தில் ஓடும் டீசல் ஊர்தியிலே எளிதில் நலிவுறும் உறுப்புக்களுள் ஒன்று இயந்திர மூடி. கடைசியாகக் கவனிக்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

இயந்திர மூடி இருவகைப்படும். புதிய டீசற் கார்கள் பலவற்றில், முன்புறத் தகட்டுக் கதவைத் திறந்தவுடன், இயந்திரத்தின் தலைமேற் கவிழ்த்து வைத்தாற்போன்ற பிளாஸ்டிக் மூடியொன்று காணப்படும். அதன் உட்புறத்தில் நுரைப்பஞ்சு ஒட்டப்பட்டிருக்கும். இலங்கையெங்கும் ஓடும் வான்கள் பலவற்றிலோ இயந்திரம் முன்னிருக்கைகளின் கீழே அமைந்துள்ளது. அங்கே மூடி என்பது இருக்கையைத் தாங்கும் இரும்புத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றி இறப்பர்ப் பட்டியும், அடியில் வெப்பந் தடுக்கும் உறையும் இருக்கும். முன்னையது இயந்திரத்திற்கு அணிந்த தொப்பி போன்றது. பின்னையது இயந்திரத்திற்கும் மனிதருக்கும் இடையே நிற்கும் சுவர்.

டீசல் இயந்திரத்திற்கு இம்மூடி ஏன் சிறப்பாக வேண்டப்படுகின்றது? பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளை மின்பொறி பற்றவைக்கின்றது. டீசல் இயந்திரத்தில் அத்தகைய பொறி இல்லை. உருளைக்குட் சென்ற காற்று அதன் பருமனில் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை அமுக்கப்படுகின்றது. அதனால் 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறிய அக்காற்றில் எரிபொருள் விசிறப்பட்டவுடன் தானே தீப்பற்றுகின்றது. அக்கணத்தில் அமுக்கம் திடீரென உயர்வதால் இயந்திரத்தின் உடல் முழுவதும் அதிர்கின்றது. சம்மட்டியடி போன்று கேட்கும் டீசல் ஒலிக்குக் காரணம் இதுவே. முதலிற் சிறிதளவு எரிபொருளை விசிறிப் பின்னர் மிகுதியை விசிறும் முறை புதிய இயந்திரங்களில் வந்துள்ளமையால் ஓசை குறைந்துள்ளது, எனினும் அற்றுப்போகவில்லை.

ஓசையைத் தணிப்பது மூடியின் முதற் பணி. 85 டெசிபல் அளவை எட்டிய ஓசையிலே நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பவரின் செவிப்புலன் காலப்போக்கிற் கெடக்கூடும் என்பர் அறிஞர். வாடகைக்கு வான் ஓட்டுபவருக்கு இது சிறு செய்தியன்று. வெப்பத்தைத் தடுப்பது இரண்டாவது பணி. புகையைத் தடுப்பது மூன்றாவது பணி. வான்களில் இதுவே தலையாயது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2012ஆம் ஆண்டு டீசற் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற் பிரிவிற் சேர்த்தது. இயந்திரத்தின் மேலமைந்த இருக்கையிலே தாயொருத்தி குழந்தையை மடியில் உறங்க வைத்துக்கொண்டு துறைவரை செல்கின்றாள் எனின், அக்குழந்தைக்கும் புகைக்கும் இடையில் நிற்பது விரலளவு அகலமுள்ள ஓர் இறப்பர்ப் பட்டியே.

இனி, தீவகத்தின் உப்பு இம்மூடியை எவ்வாறு அழிக்கின்றது என்பது அறியத்தக்கது. சோளகம் வீசினும் வாடை வீசினும் கடலைத் தழுவி வருங் காற்றில் நுண்ணிய உப்புத் துகள்கள் கலந்துள்ளன. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போது கறியுப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைகின்றது. கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியக் குளோரைட்டோ அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கரைந்துவிடும். ஆதலால் மழை பெய்யாத நாளிலும் தகட்டின் மேல் உவர்நீர்ப் படலமொன்று தங்கிவிடுகின்றது. இரும்பு துருப்பிடிப்பதற்கு இதுவே போதும். மூடியின் கீழுள்ள நுரைப்பஞ்சு கிழிந்திருப்பின், அது உப்பையும் ஈரத்தையும் சேர்த்துவைத்துத் திருகாணிகள் மீதும் மின்னிணைப்புக்கள் மீதும் அழுத்திக்கொண்டிருக்கும். காக்க வைத்த உறையே கேடு செய்யும் நிலை அது.

இவ்விடத்தில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கழுவினால் உப்பு நீங்கும். ஆனால் தீவகத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீர். அதனைக் கொண்டு இயந்திரத்தைக் கழுவுதல் உப்பை உப்பினாற் கழுவுதலை ஒக்கும். நன்னீரோ குடிப்பதற்கே அரிது. ஆகவே குழாய்கொண்டு பாய்ச்சிக் கழுவுவதை விடுத்து, மாரியிற் சேர்த்த மழைநீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடியை இரு புறமும் துடைத்தெடுத்து, நிழலில் உலர்த்துதலே தக்கது. ஒரு செம்பு நீர் இதற்குப் போதும்.

மூடி பழுதுற்றதா என்று அறிவதற்கு இரு எளிய சோதனைகள் உள்ளன. மூடியின் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி, பின்னர் அதனை இழுத்தல் ஒன்று. தடையின்றி வழுக்கி வந்தால் அவ்விடத்து இறப்பர் தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். இரவிலே, நிறுத்திய இயந்திரத்தின் பக்கத்தில் கைவிளக்கொன்றை ஏற்றி வைத்து, வானின் உள்ளிருந்து பார்த்தல் மற்றொன்று. ஒளி வரும் வழியெல்லாம் புகையும் ஓசையும் வரும். மூடியின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், அது எத்துணைக் கனத்த தகடாயினும் 20 டெசிபலுக்கு மேல் ஓசையைத் தடுக்க இயலாது. எனவே விலையுயர்ந்த பஞ்சை வாங்கி ஒட்டுமுன் விளிம்பின் இடைவெளியை அடைத்தல் வேண்டும். பலர் இவ்வரிசையை மாற்றிச் செய்து பணத்தை இழக்கின்றனர்.

காரின் பிளாஸ்டிக் மூடி கடகடவென்று ஒலிப்பதற்குப் பெரும்பாலும் மூடி காரணமன்று. அதனைத் தாங்கும் சிறிய இறப்பர் வளையங்கள் வெப்பத்தால் இறுகிப்போதலே காரணம். அவற்றை மட்டும் மாற்றினால் அமையும். சிலர் மூடியையே கழற்றி வீட்டின் மூலையிற் போட்டுவிடுகின்றனர். இயந்திரம் ஓடும் என்பது மெய்யே. ஆயினும் ஓசை கூடும். உப்பும் ஈரமும் விசிறிகளின் மின்னிணைப்புக்களில் நேரே படியும். சில கார்களில் காற்று வடிகட்டியே மூடியினுள் அமைந்திருப்பதால், அவற்றில் மூடியின்றி ஓட்டுதல் இயந்திரத்தின் உயிருக்கே கேடாகும்.

வானின் இரும்பு மூடியில் மேற்றுரு மட்டும் இருப்பின், அதனைச் சுரண்டி நீக்கி, நாகப் பூச்சிட்டு, மேலே வர்ணம் பூசலாம். திருகாணித் துளைகளைச் சுற்றித் தகடு அரித்துப் பொடிந்திருப்பின் ஒட்டுப் போடுவதிற் பயனில்லை; புதியது வேண்டும். பழைய உதிரிப்பாகங்களிலிருந்து வாங்குவோர் ஊர்தியின் பெயரை மட்டுமன்றி இயந்திரத்தின் குறியெண்ணையும் எழுதிச் செல்லல் நன்று. நெடுந்தீவிலிருந்து வருபவருக்குப் பிழையான மூடி என்பது மற்றுமொரு கடற்பயணம்.

கண்ணாடியிழையால் மூடி செய்யலாமா எனச் சிலர் வினவுவர். காரைநகரிற் சீநோர் நிறுவனம் படகு கட்டிய காலந்தொட்டு இப்பொருள் தீவகத்தார்க்குப் பழக்கமானது. துரு அதனை அணுகாது. ஆயினும் படகின் உடல் நீரிற் குளிர்ந்திருப்பது; இயந்திர மூடியோ அனலுக்கு அருகில் இருப்பது. சாதாரணப் பிசின் வெப்பத்தில் இளகும். தீயிற் பட்டால் எரியும். ஆகவே தீயைத் தாங்கும் பிசினும், உட்புறத்தில் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாளும் இன்றி இதனைச் செய்தல் தகாது.

யாழ்ப்பாணத்துத் தொழிலாளரின் கைத்திறன் உலகறிந்தது. 1990களில் எரிபொருட் தடை நிலவிய காலத்திலே குடாநாட்டிற் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள். கிடைத்ததைக் கொண்டு காரியம் முடிக்கும் அத்திறன் போற்றற்குரியது. எனினும் இயந்திர மூடியின் கீழ் அதற்கோர் எல்லை உண்டு. கிழிந்த மெத்தையின் பஞ்சையோ பழஞ் சாக்கையோ அங்கே திணித்தல் ஆகாது. டீசலும் எண்ணெயும் ஊறிய பஞ்சுக்கும், பல நூறு பாகை சூடேறும் புகைபோக்கி, டர்போ ஆகியவற்றிற்கும் இடையே உள்ள தூரம் ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கலாம். தீ அங்கேதான் பிறக்கின்றது. தீயைத் தாங்கும் மெலமின் நுரைப்பஞ்சு, அல்லது அலுமினியத் தாள் பொதிந்த கண்ணாடியிழைத் துணி ஆகியவையே ஏற்றன. பசையை மட்டும் நம்பாது, உலோகப் பிடிகளாலும் அவற்றை இறுக்குதல் வேண்டும். பசை இளகி விழும் பஞ்சு பட்டியிற் சிக்கும்.

வேலையைத் தொடங்குமுன் இயந்திரம் நன்கு ஆறியிருத்தலும், பற்றரியின் எதிர்முனை கழற்றப்பட்டிருத்தலும் வேண்டும். முடிந்தபின் துணியோ கருவியோ உள்ளே மறந்திருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். முதல் ஓட்டத்தில் கால்மணி நேரங் கழித்து நிறுத்தி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தல் நன்று. புகை நாற்றம் அப்போதும் இருக்குமாயின், பிழை மூடியில் இல்லை. புகைபோக்கிக் குழாய் எங்கோ வெடித்துள்ளது. அதனை ஒட்டாது மூடியை மட்டும் இறுக்குதல், காயத்தை ஆற்றாது கட்டுக் கட்டுவதை ஒக்கும்.

நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு நள்ளிரவிற் படகுத்துறைக்கும் மருத்துவமனைக்கும் ஓடவேண்டிய ஊர்திகள் தீவகத்தில் உள்ளவை. அவற்றின் இயந்திரம் முழங்குவதை எல்லாருங் கேட்பர். மூடி செய்யும் பணியை எவருங் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை ஒரு செம்பு மழைநீரும், ஒரு துணியும், ஒரு கடதாசித் துண்டும் கொண்டு அதனைப் பார்ப்பவர், ஊர்தியை மட்டுமன்றி அதில் ஏறியிருப்பவரையும் காப்பவராவர்.