மாம்பூவுக்கு ஒரு மெயில், மாம்பழத்துக்கு ஒரு மெயில்… வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் தானியங்கித் தொடர்!

பெரியகுளம் வட்டாரத்தில் கும்பக்கரை, சோத்துப்பாறை பக்கம் போனால் மலையடிவாரம் முழுக்க மாந்தோப்புதான். காசா, கல்லாமை, செந்தூரம், பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் என்று ரகத்துக்கும் குறைவில்லை. ஆனால், பல தோப்புகள் பூவிலேயே, பிஞ்சிலேயே குத்தகைக்குப் போய்விடுகின்றன. காய் பிடிப்பதற்கு முன்பே விலை முடிந்துவிடுகிறது. அந்தப் பழத்தைக் கடைசியில் யார் சாப்பிட்டார், என்ன விலை கொடுத்தார் என்பது தோப்புக்காரருக்குத் தெரியாது.

இதற்கு ஒரு காரணம் பணத்தேவை. இன்னொரு காரணம், அறுவடை தொடங்கிய சில வாரங்களுக்குள் மொத்தப் பழத்தையும் வாங்க ஆள் வேண்டும் என்பது. அந்த ஆட்களை அறுவடை சமயத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஆண்டு முழுக்கத் தொடர்பில் இருந்தால்தான் கிடைப்பார்கள். தோப்பு வேலையோடு 300 பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுத யாரால் முடியும்? இந்த இடத்தில்தான் ‘தானியங்கி மின்னஞ்சல் தொடர்’ கைகொடுக்கிறது. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் உரிய நாளில் உரிய கடிதம் தானாகப் போகும்.

பழத்தை நேரடியாக வீட்டுக்கு அனுப்புவது புதிய யோசனை அல்ல. கர்நாடக மாநில மாம்பழ வளர்ச்சி, சந்தைப்படுத்தல் கழகம் 2019-ம் ஆண்டு அஞ்சல் துறையோடு கைகோத்து, இணையத்தில் பதிவு செய்தவர்களுக்கு 3 கிலோ பெட்டிகளாகப் பெங்களூரில் வீடு தேடிக் கொடுக்கத் தொடங்கியது. அங்கே பின்னால் நிற்பது அரசு அமைப்பு. தனி விவசாயிக்குப் பின்னால் நிற்க வேண்டியது அவருடைய வாடிக்கையாளர் பட்டியல்.

வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு?

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டுமென்றால், அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மெயிலில் இந்தச் சிக்கல்கள் இல்லை. ரசீது, பார்சல் எண், பழுக்க வைக்கும் முறை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் விரிவாகச் சொல்லலாம். ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். பட்டியல் உங்கள் கையில் இருக்கும். இன்று ஒரு நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லை என்றால், பட்டியலைத் தரவிறக்கி வேறு நிறுவனத்துக்கு மாறலாம். அதற்காக வாட்ஸ்அப்பை விட வேண்டாம். அவசரத்துக்குப் போன், பேச்சுக்கு வாட்ஸ்அப், கணக்குக்கும் தொடர்புக்கும் மெயில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டியல்

ஒரு கூகுள் ஷீட் போதும். பெயர், மெயில் முகவரி, போன் எண், ஊர், பின்கோடு, விரும்பும் ரகம், கடைசியாக வாங்கிய தேதி, வாங்கிய அளவு, மெயில் அனுப்பச் சம்மதம் கொடுத்த தேதி என்று ஒன்பது கட்டங்கள் போடுங்கள். பழப்பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் ஒரு க்யூஆர் கோடு அச்சிட்டு, பதிவுப் படிவத்துக்கு வழி காட்டுங்கள். தோப்புக்கு நேரில் வருபவர்களிடமும் கேட்டுப் பதிவு செய்யலாம்.

சம்மதம் என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1978 மே 3 அன்று, கேரி தூர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனையாளர், அர்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்குக் கேட்காமலேயே ஒரு விளம்பர மெயில் அனுப்பினார். உலகின் முதல் ‘ஸ்பேம்’ என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு அன்றைக்கே கண்டனம் வந்தது. இந்தியாவில் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை வலியுறுத்துகிறது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவுக்குச் சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. எனவே, ‘ஆயிரம் முகவரி இவ்வளவு ரூபாய்’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தொடர் எப்படி ஓடுகிறது?

சொட்டுநீருக்கு டைமர் வைப்பதைப் போன்றதுதான் இது. மூன்று விஷயங்களைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று, தொடக்கம்: எது நடந்தால் கடிதம் கிளம்ப வேண்டும்? இரண்டு, இடைவெளி: எத்தனை நாள் கழித்து? மூன்று, நிபந்தனை: யாருக்குப் போக வேண்டும், யாருக்குப் போகக் கூடாது?

தானாகப் போகக்கூடிய கடிதங்கள் இவை:

1. பதிவு செய்த உடனே: நன்றி, தோப்பு இருக்கும் இடம், என்னென்ன ரகம், எந்த மாதம் கிடைக்கும், எந்தெந்த ஊர்களுக்கு அனுப்புவீர்கள் என்ற விவரம். பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

2. மூன்றாவது நாள்: சாகுபடி முறை. என்ன உரம், என்ன மருந்து, எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதையும், உங்கள் பழம் வைக்கோலில் பழுக்கிறதா, எத்திலீன் அறையில் பழுக்கிறதா என்பதையும் சொல்லலாம்.

3. பணம் வந்த உடனே: ரசீது, அனுப்பப்போகும் தேதி.

4. பார்சல் போட்ட அன்று: பார்சல் எண், பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டியவை. காயாக அனுப்பினால், வைக்கோலிலோ பேப்பரிலோ ஒன்றோடு ஒன்று அழுத்தாமல் பரப்பி வைக்க வேண்டும். பழுக்கும் முன் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. இந்த இரண்டு வரிகள் பாதிப் புகாரைத் தடுக்கும்.

5. பார்சல் போய்ச் சேர்ந்து ஏழாவது நாள்: ‘பழம் எப்படி இருந்தது?’ என்ற ஒரே கேள்வி. ‘சரியில்லை’ என்று பதில் வந்தால், அவருக்குப் போகும் மற்ற எல்லாக் கடிதங்களும் நின்றுவிட வேண்டும். அடுத்து நீங்களே போன் செய்ய வேண்டும்.

எதைத் தானியங்கியிடம் விடக் கூடாது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுதான்: நடந்து முடிந்ததைப் பற்றிய கடிதம் தானாகப் போகலாம், நடக்கப்போவதைப் பற்றிய வாக்குறுதியை உங்கள் கைதான் அனுப்ப வேண்டும்.

டைமர் மழையைப் பார்க்காது. ‘ஏப்ரல் 25 அன்று பழம் தயார்’ என்ற கடிதத்தை ஜனவரியிலேயே எழுதித் தேதி குறித்து வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பூக்கும் நேரத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வந்து பூ கருகலாம். கோடைக் காற்றில் ஒரே இரவில் காய் உதிரலாம். மெயில் மட்டும் குறித்த நேரத்தில் போய் நிற்கும். பணம் கட்டியவர் பழம் கேட்பார். ஐந்து ஆண்டு சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு வாரத்தில் போய்விடும்.

அதனால், பருவக் கடிதங்களை எழுதித் தயாராக வையுங்கள். ஆனால், தோப்பைச் சுற்றிப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

* பூ எடுத்ததும்: ஒரு படம், நான்கு வரி. விலை பேச வேண்டாம்.
* காய் பிடித்து நின்றதும்: யாருக்கு எந்த ரகம், எத்தனை பெட்டி என்று விருப்பம் மட்டும் கேளுங்கள். முன்பணம் வாங்காதீர்கள்.
* முதல் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு: விலை, அளவு, கடைசி தேதி. இப்போது பணம் வாங்கலாம்.
* சேதம் வந்தால்: ‘இந்த ஆண்டு காய் குறைவு’ என்று படத்தோடு சொல்லும் கடிதம். இதையும் முன்பே எழுதி வையுங்கள். மனம் நொந்திருக்கும் நேரத்தில் எழுத வராது.

அளவுக் கணக்கு

ஓர் அறுவடையில் 1,000 கிலோ எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காய், அடிபட்டது, பால் வடிந்து கறை பட்டது என்று 250 கிலோவைக் கழித்துவிடுங்கள். அது உள்ளூர்ச் சந்தைக்கு. மீதி 750 கிலோ, 3 கிலோ வீதம் 250 பெட்டி. வழியில் அழுகினால் மாற்றிக் கொடுக்க 20 பெட்டியை ஒதுக்குங்கள். ஆக, விற்க வேண்டியது 230 பெட்டி. ஆர்டர் 230-ஐத் தொட்டதும் படிவம் மூடிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு வருபவருக்கு ‘அடுத்த பறிப்பில் உங்களுக்கு முன்னுரிமை’ என்ற கடிதம் போக வேண்டும். 300 பேருக்கும் ஒரே நாளில் கடிதத்தைத் திறந்துவிடாமல், சென்ற ஆண்டு வாங்கியவர்களுக்கு முதல் இரண்டு நாள் கொடுங்கள்.

முருங்கைப் பொடிக்கு இது இன்னும் பொருந்தும்

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் உலகுக்குக் கொடுத்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை, 1989-ல் வெளியிடப்பட்டது. பி.கே.எம். என்பதே பெரியகுளத்தின் சுருக்கம்தான். முருங்கையிலைப் பொடி விற்பவர்களுக்கு மாம்பழம் போலப் பருவச் சிக்கல் இல்லை. ஒருவர் 200 கிராம் பாக்கெட் வாங்கி, தினம் 5 கிராம் பயன்படுத்தினால் 40 நாளில் தீரும். பார்சல் சேர அவகாசம் விட்டு, 33-வது நாளில் ‘பொடி தீரப்போகிறதா?’ என்ற கடிதம் தானாகப் போகும்படி வைக்கலாம். அதற்குள் அவர் மறுபடி வாங்கியிருந்தால், பழைய கடிதம் நின்று, புதிய கணக்கு தொடங்க வேண்டும். நோய் தீரும் என்ற வாசகம் எதையும் எழுதாதீர்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் கடிதத்திலும் போடுங்கள்.

கருவிகள்

சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. இப்படிப்பட்ட தொடர் அமைக்கவும் அது ஏற்றதல்ல. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் நம்மூர் ஸோகோ நிறுவனத்தின் ‘ஸோகோ கேம்பெயின்ஸ்’, வெளிநாட்டு ‘மெயில்சிம்ப்’, ‘பிரேவோ’ போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. கட்டணமும் இலவச அளவும் அவ்வப்போது மாறும் என்பதால், சேரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ‘ஆட்டோமேஷன்’ அல்லது ‘வொர்க்ஃப்ளோ’ என்ற பகுதியில் தொடரை அமைக்கலாம்.

தோப்பின் பெயரில் சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்கிவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். ஒரே அழுத்தில் விலகும் வசதி கொடுக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. நாம் 300 பேருக்கு அனுப்பினாலும் இதே ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது. இணைய முகவரி விற்பவரிடமோ, கணினி தெரிந்த பிள்ளைகளிடமோ சொன்னால் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள். தொடங்கும் முன், உங்களுக்கும் இரண்டு உறவினர்களுக்கும் முழுத் தொடரையும் அனுப்பிச் சோதியுங்கள்.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

எனக்கு 20 வாடிக்கையாளர்தான். இது தேவையா?
தேவையில்லை. போன் போதும். நூறைத் தாண்டும்போது, யாருக்கு என்ன அனுப்பினோம் என்பது மறக்கத் தொடங்கும். அப்போது ஆரம்பியுங்கள். பட்டியலை மட்டும் இன்றே எழுதத் தொடங்குங்கள்.

தமிழில் எழுதலாமா?
தாராளமாக. யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். முழுக் கடிதத்தையும் படமாக்கி அனுப்பாதீர்கள். படம் திறக்காத போனில் வெறும் கட்டம்தான் தெரியும். பெங்களூரு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் தனித் தொடர் வைக்கலாம்.

பழம் இல்லாத மாதங்களில் என்ன அனுப்புவது?
இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும். கவாத்து, உரம் வைப்பு, மழை என்று தோப்பில் நடப்பதை எழுதுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்.

ஒருவர் விலகிவிட்டால் போன் செய்து கேட்கலாமா?
வேண்டாம். விலகியவரை விட்டுவிடுங்கள். பழம் நன்றாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு அவரே திரும்ப வருவார்.

தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
அடுத்த ஒப்பந்தத்தின்போது பத்து மரங்களை மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பழத்தை 50 குடும்பங்களுக்கு அனுப்பிப் பாருங்கள். பெட்டி, பார்சல், சேதாரம் எல்லாம் போக கிலோவுக்கு என்ன நின்றது என்று எழுதி வையுங்கள். குத்தகைக்காரரிடம் அடுத்த ஆண்டு விலை பேசும்போது அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.