போதைக்கு அடிமையாதல்: மூளையில் நிகழும் இரசாயன மாற்றம்

போதைப்பொருளுக்கு அடிமையான பிள்ளை ஒருவர் வீட்டில் இருப்பின், "மனவுறுதி இருந்தால் நாளைக்கே விட்டுவிடலாமே" என்று பெற்றோர் ஆதங்கப்படுவது வழக்கம். அந்த ஆதங்கத்தில் நியாயம் உண்டு. எனினும், பாவனை தொடரும்போது மனவுறுதிக்கு ஆதாரமான மூளையே மாற்றமடைந்து விடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலான இணைப்புகளில், இரு கலங்களுக்கிடையே ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி காணப்படுகிறது. அவ்விடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கிறது என்பதற்கு 1921ஆம் ஆண்டு ஒட்டோ லோவி விடை கண்டார். அவர் ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பைக் குறையச் செய்தார். பின்னர் அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை வேறொரு தவளையின் இதயத்தில் இட்டபோது, அதன் துடிப்பும் குறைந்தது. செய்தியைக் கடத்துவது ஓர் இரசாயனப் பொருளே என்பது இதன் மூலம் தெளிவாகியது. இதற்காக 1936இல் ஹென்றி டேலுடன் இணைந்து அவர் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய பொருட்களே நரம்புக் கடத்திகள் எனப்படுகின்றன.

ஒரு கலத்திலிருந்து வெளியாகும் கடத்தி, பூட்டுக்குள் திறப்பு பொருந்துவது போல, அடுத்த கலத்திலுள்ள வாங்கிகளில் பொருந்திச் செய்தியைச் சேர்ப்பிக்கிறது. பணி முடிந்ததும் அது சிதைக்கப்படுகிறது. அல்லது வெளியான கலத்துக்கே மீள உறிஞ்சப்படுகிறது. பசிக்கு உண்ணும்போதும் பாராட்டுக் கிடைக்கும்போதும் 'டோபமின்' என்ற கடத்தி அளவோடு சுரந்து, அச்செயலை மீண்டும் நாடத் தூண்டுகிறது.

போதைப்பொருட்கள் இந்த ஒழுங்கிலேயே கைவைக்கின்றன. கொக்கெயின், டோபமின் மீள உறிஞ்சப்படும் வழியை அடைத்து விடுகிறது. 'ஐஸ்' எனப்படும் மெதம்பெட்டமின், கலத்தினுள் சேமிக்கப்பட்டுள்ள டோபமினையும் வெளியே தள்ளிவிடுகிறது. ஹெரோயின் மூளையில் மோர்பினாக மாறி, உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளுக்குரிய வாங்கிகளைப் பற்றிக்கொள்கிறது. சுவாசத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியிலும் அவ்வாங்கிகள் உள்ளமையால், அளவு மீறும்போது மூச்சு நின்று மரணம் சம்பவிக்கிறது.

இந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுக்க மூளை தனது வாங்கிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் முன்னைய அளவு போதுமானதாக இருப்பதில்லை. உணவு, நட்பு, விளையாட்டு என்பவற்றில் கிடைத்த இயல்பான மகிழ்ச்சியும் மங்கிப்போகிறது. ஆரம்பத்தில் இன்பத்துக்காகப் பாவித்தவர், பின்னர் துன்பத்திலிருந்து தப்புவதற்காகப் பாவிக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

இதனை அறிவதால் நடைமுறைப் பயன்கள் உண்டு. நீண்டகாலம் கடுமையாக மது அருந்தியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஏற்பட்டு உயிராபத்தும் நேரலாம்; ஆகவே வைத்தியக் கண்காணிப்பு அவசியமாகும். சிலகாலம் ஹெரோயினை விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், உடல் அதனைத் தாங்காது. அதேவேளை, மனச்சோர்வுக்கு வைத்தியர் வழங்கும் மருந்துகளும் நரம்புக் கடத்திகளிலேயே செயற்படுகின்றன என்பதற்காக அவற்றைப் போதைப்பொருளாகக் கருதி இடைநடுவில் நிறுத்திவிடலாகாது.

மாற்றமடைந்த மூளை மீளவும் வல்லது. மெதம்பெட்டமினைக் கைவிட்டவர்களின் டோபமின் தொகுதி, ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பெருமளவு தேறியமை மூளைப் படங்களில் அவதானிக்கப்பட்டுள்ளது. ஆனால், மீட்சிக்குக் காலமும் சிகிச்சையும் அரவணைப்பும் தேவை. 'ஊர் என்ன சொல்லும்' என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பம், அறியாமலேயே அக்காலத்தை வீணடிக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைச் சேவையையோ அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. நீரிழிவுக்கு வைத்தியரிடம் செல்லும் நாம், மூளையின் நோய்க்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?