மண்ணுக்குள் உறங்கும் கார்த்திகைப்பூ

மாரி மழை தொடங்கினால், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கோமாரி ஊர்ப் பக்கத்துப் பற்றைகளில் கார்த்திகைப்பூக் கொடி தலைகாட்டும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, அகப்பட்ட குச்சியைப் பிடித்து ஏறும். பூ விரிகையில் மஞ்சள் கலந்திருக்கும். நாளாக நாளாகச் சிவந்துகொண்டே போகும். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் கொடி பழுத்துக் காய்ந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த இடத்தில் ஒரு சருகுகூட மிஞ்சாது.

செடி சாகவில்லை. மண்ணுக்குள் கலப்பைபோல் வளைந்த, இரண்டு கையுள்ள கிழங்காகக் கிடக்கிறது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரேயொரு முளை. அது ஒடிந்துவிட்டால், கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் அந்தக் கையால் பயனில்லை. தோண்டும்போது மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு கிழங்கு ஒரு பருவத்துக்குத்தான். தன்னிடமுள்ள மாச்சத்தைத் தளிருக்குக் கொடுத்துவிட்டு அது சுருங்கிப்போகும்; தளிரின் அடியில் புதுக்கிழங்கு திரளும். பூ உதிர்ந்த பிறகும் இலைகள் பச்சையாக நிற்கும் வாரங்களில்தான் அடுத்த மாரிக்கான உணவு கீழே இறங்குகிறது. அழகு போய்விட்டதென்று அப்போதே கொடியை அறுப்பவர்கள் அடுத்த வருடப் பூவையும் சேர்த்தே அறுக்கிறார்கள்.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இதைச் சாடியில் வளர்க்கலாம். இங்கே வறட்சிக்கு ஒதுங்கும் கிழங்கு, அங்கே பனிக்கு ஒதுங்க வேண்டும். உறைபனி பட்டால் உள்ளிருக்கும் நீர் கட்டியாகித் திசு கிழிந்து, கிழங்கு அழுகிவிடும். கோமாரியின் கோடையை அதற்கு வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக் கொடுத்தால் போதும். இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள். கொடி முழுக்கக் காய்ந்தபின் கிழங்கை எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து, உறைபனி எட்டாத அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சாடியோடு அப்படியே உலரவிட்டு உள்ளே வைப்பது இன்னும் நல்லது, முளைக்குச் சேதமில்லை. குளிர்காலம் முடியும் தறுவாயில் சூடான சன்னலோரம் வைத்து, முதலில் கொஞ்சமாகவே தண்ணீர் விடுங்கள்.

வைக்கும் இடம் சமையலறையாக மட்டும் இருக்கக்கூடாது. இக்கிழங்கிலுள்ள கொல்சிசின் கடும் நஞ்சு, அவித்தாலும் போகாது. வற்றாளைக் கிழங்கென்று எண்ணிச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. பெட்டியில் பெரிய எழுத்தில் பெயரெழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.