வெறும் வாந்தின்னு நினைச்சோம்: ஷன்ட் பத்தி ஒரு எபிசோட்

(பேசினதைப் படிக்க வசதியாச் சுருக்கித் தொகுத்திருக்கோம்.)

எங்க அக்கா பையனுக்கு இப்போ ஒன்பது வயசு. முடியை ஒட்ட வெட்டினா மட்டும் காதுக்குப் பின்னாடி ஒரு சின்ன மேடு தெரியும். அது ஷன்ட்டோட வால்வு. கைக்குழந்தையா இருந்தப்போ வச்சது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை காலையில, தலை வலிக்குதுன்னு எழுந்தான். வாந்தி எடுத்தான். முந்தின நாள் ஒரு பர்த்டே பார்ட்டி. "வெளிய சாப்பிட்டது ஒத்துக்கல"ன்னு எல்லாரும் சொன்னோம், நானும்தான். ஓஆர்எஸ் கரைச்சுக் குடுத்தோம். மதியம் தூங்கினான். சாயங்காலம் எழுப்பினா கண்ணைத் திறந்து பார்த்துட்டு மறுபடி தூங்கிடறான். அக்காதான் முதல்ல சுதாரிச்சா. அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். ஷன்ட் அடைச்சிருந்தது.

இப்போ நல்லா இருக்கான். ஆனா அந்தப் பகல் முழுக்க நாங்க சும்மா இருந்தது இன்னும் என்னை உறுத்துது. நான் டாக்டர் இல்ல. அதுக்கப்புறம் கேட்டு, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்றேன்.

முதல்ல அடிப்படை. மூளைக்குள்ள வென்ட்ரிக்கிள்னு சில அறைகள் இருக்கு. அங்க தண்ணி மாதிரி தெளிவா ஒரு திரவம் சுரக்குது. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி, அதாவது ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட். ஆனா ஒரு நேரத்துல உள்ள இருக்கறது சுமார் 150 மில்லிதான். மீதி ரத்தத்துல கலந்துடும். அந்த வழி அடைச்சா திரவம் தேங்கி மூளையை அழுத்தும். இதுதான் ஹைட்ரோசெபாலஸ். ஷன்ட்ங்கறது இதுக்கு ஒரு மாற்று வடிகால். வென்ட்ரிக்கிள்ல ஒரு குழாய், நடுவுல வால்வு, அங்கிருந்து தோலுக்கு அடியிலேயே கழுத்து, நெஞ்சு வழியா வயித்துக்குள்ள இன்னொரு குழாய். வயித்துக்குப் போன திரவத்தை உடம்பு உறிஞ்சிக்கும்.

வச்சாச்சு, பிரச்சினை முடிஞ்சுதுன்னுதான் நாங்க நினைச்சோம். குழந்தைகளுக்கு வைக்கற ஷன்ட்ல சுமார் 40 சதவீதம் முதல் வருஷத்துலேயே பழுதாகுதுன்னு பெரிய ஆய்வுகள் சொல்லுது. அதுக்கப்புறமும் ஆபத்து போறதில்ல. பத்து வருஷம் ஒழுங்கா ஓடின ஷன்ட்கூட திடீர்னு நிக்கலாம்.

'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' எழுதின ரோல்ட் டாலுக்கு இது நல்லாத் தெரியும். 1960-ல நியூயார்க்ல அவரோட நாலு மாசக் குழந்தை தியோ இருந்த தள்ளுவண்டி மேல டாக்ஸி மோதிடுச்சு. தலைக் காயத்தால ஹைட்ரோசெபாலஸ் வந்து ஷன்ட் வச்சாங்க. அது திரும்பத் திரும்ப அடைச்சுது. ஒவ்வொரு தடவையும் ஆபரேஷன். டால், ஸ்டான்லி வேட்ங்கற இன்ஜினியரைத் தேடிப் பிடிச்சார். மாடல் விமானத்துக்குக் குட்டி பம்ப் செய்யறவர். லண்டன்ல கென்னத் டில்ங்கற நியூரோசர்ஜனும் சேர்ந்துக்கிட்டார். மூணு பேரும் சேர்ந்து சுலபத்துல அடைக்காத ஒரு வால்வை உருவாக்கினாங்க. அது தயாரானப்போ தியோவுக்கு அது தேவைப்படல. ஆனா ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டுச்சு.

அறுபது வருஷம் தாண்டியும் அடைப்பு தீரல. திசுவும் புரதமும் குழாய்ல படியுது. குழந்தை வளர வளர குழாய் இழுபட்டு உடையலாம், கழண்டுக்கலாம். இதோட அறிகுறிகள்தான் குழப்பம்: தலைவலி, வாந்தி, அசதித் தூக்கம், எரிச்சல், பார்வை மங்கறது. கைக்குழந்தைன்னா உச்சிக்குழி புடைக்கும், கருவிழி கீழ்ப்பக்கமா இறங்கி நிக்கும்.

ரெண்டாவது, தொற்று. பெரும்பாலும் நம்ம தோல்லயே இருக்கற பாக்டீரியா, ஆபரேஷன் சமயத்துல உள்ள போறது. முதல் சில மாசத்துலதான் அதிகம். காய்ச்சல், குழாய் போற வழியில சிவப்பு, வயித்து வலி வரலாம். இதுக்கு மாத்திரை மட்டும் போதாது. வழக்கமா ஷன்ட்டை எடுத்துட்டு, தற்காலிகமா வெளிய வடிகால் வச்சு, ஆன்டிபயாடிக் குடுத்து, தொற்று போனதும் புதுசு வைப்பாங்க. 2019-ல வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல, ஆன்டிபயாடிக் ஊறின குழாய் வச்சவங்களுக்குத் தொற்று 2 சதவீதம், சாதாரணக் குழாய்க்கு 6 சதவீதம். ஆபரேஷனுக்கு முன்னாடி, இது கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

மூணாவது, அளவுக்கு மேல வடியறது. எழுந்து நின்னா தலைவலி, படுத்தா குறையும். ரொம்ப அதிகமானா மூளையைச் சுத்தி ரத்தம் கசியலாம். சில வால்வுகளோட அளவை வெளியிலிருந்தே காந்தத்தால மாத்தலாம். அதனாலதான் எம்ஆர்ஐ எடுத்தா, அப்புறம் செட்டிங் மாறியிருக்கான்னு பார்க்கணும். ஹெட்போன்லயும் போன்லயும்கூட காந்தம் இருக்கு, வால்வு மேல ஒட்டி வைக்காதீங்க.

சரி, சந்தேகம் வந்தா என்ன பண்றது? நியூரோசர்ஜன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. உள்ள நுழைஞ்சதும் முதல் வாக்கியமே "இவனுக்கு ஷன்ட் இருக்கு"ன்னு இருக்கட்டும். ஸ்கேன் எடுத்து, பழைய ஸ்கேனோட ஒப்பிடுவாங்க. குழாய் முழுக்க எக்ஸ்ரே எடுப்பாங்க. ஒரு விஷயம் கவனிங்க: ஸ்கேன் நார்மலா இருந்தாலும் ஷன்ட் அடைச்சிருக்கலாம். அதனால "போன தடவை அடைச்சப்பவும் இப்படித்தான் இருந்தான்"னு வீட்டுல சொல்றதுக்கு மதிப்பு உண்டு. அதைத் தயங்காம சொல்லுங்க. வால்வை நீங்களே அமுக்கிப் பார்க்காதீங்க.

அடைப்புன்னா அந்தப் பகுதியை மாத்துவாங்க. சிலருக்கு ஷன்ட்டுக்குப் பதிலா, எண்டோஸ்கோப்பால மூளைக்குள்ளேயே திரவத்துக்கு ஒரு புது வழி திறக்கலாம். எல்லாருக்கும் இது பொருந்தாது.

எங்க வீட்டுல இப்போ எல்லார் போன்லயும் மூணு விஷயம் இருக்கு: வால்வோட பேரும் செட்டிங்கும், அவன் நல்லா இருந்தப்போ எடுத்த ஸ்கேன், ராத்திரியிலும் எடுக்கற ஆஸ்பத்திரி நம்பர். அவன் கிளாஸ் டீச்சர்கிட்டயும் குடுத்திருக்கோம். போன மாசம் தலைவலின்னான். ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரியில இருந்தோம். வெறும் ஜுரம்தான்னு திருப்பி அனுப்பினாங்க. "சும்மாவா வந்தோம் மாமா?"ன்னு கேட்டான். ஆமாடா, சும்மாதான்னேன். ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது ஷன்ட் இருந்தா, இதை அவங்க வீட்டுல இருக்கற எல்லாருக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.