கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?

நம் காவேரிப்பட்டினத்தில் பழைய கடைகளின் பெட்டியடியில் தாத்தா காலத்துப் பேரேட்டைக் காணலாம். தாள் பழுத்திருக்கும், ஆனால் எழுத்துத் தெரிந்த எவரும் இன்றும் படிக்கலாம். கணிப்பொறியில் ஏற்றிய கணக்குக்கு அந்த ஆயுள் உண்டா?

எமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், மாங்காய் அறுப்பு முடிந்ததும் வசூலாகும் கடன் கணக்கைப் பல ஆண்டுகள் ஒரு மென்பொருளில் எழுதி வந்தார். கணிப்பொறி பழுதாகிப் புதிது வாங்கினார். பழைய மென்பொருள் அதில் ஓடவில்லை. எழுதித் தந்தவரும் தொழிலை விட்டுவிட்டார். எப்படியோ கோப்பைத் திறந்தபோது, பழைய எழுத்துருவில் இருந்த தமிழ்ப் பெயர்களெல்லாம் புரியாத குறிகளாக வந்தன. தொகை தெரிந்தது, ஆள் தெரியவில்லை! நாணயமானவர்கள் தாமே வந்து கட்டினர். மற்றது போனதுதான்.

இதற்கு மாற்று உண்டு. மண்டியில் மூட்டைக்கு மூட்டை சீட்டு கட்டுகிறோம் அல்லவா? சரக்கு, எடை, அனுப்பியவர் எல்லாம் அதிலேயே இருப்பதால் யார் இறக்கினாலும் புரிகிறது. அதுபோல ஒவ்வொரு தகவலின் முன்னும் பின்னும் 'சரக்கு', 'எடை', 'விலை' எனக் கோண அடைப்புக்குள் பெயர் எழுதி வைப்பதே குறியீட்டு மொழி. பெயர்களைத் தமிழிலேயே இடலாம். எந்தக் கணிப்பொறியிலும் சாதாரண எழுத்தாகத் திறந்து படிக்கலாம். அதே பதிவிலிருந்து பில், பேரேடு, இருப்புப் பட்டியல் என வேண்டியபடி பிரித்தெடுக்கலாம்.

இது புதிய சரக்கல்ல. 1969-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் இதற்கு வித்திட்டனர். 1986-ல் எஸ்.ஜி.எம்.எல். உலகத் தரமாயிற்று. அதை எளிமையாக்கி 1998 பிப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். வந்தது. இதற்கு உரிமையாளர் இல்லை, கட்டணமும் இல்லை. நம் பக்கத்து பெங்களூரில் பிறந்த டேலியிலும் கணக்கை இவ்வடிவில் வெளியே எடுக்கும் வசதி உண்டு.

சட்டமும் நம்மை விடுவதில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்து வைக்க வேண்டும். அதற்குள் எத்தனை கணிப்பொறி மாறுமோ!

ஆகவே வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. மென்பொருள் வாங்குமுன், "என் கணக்கு முழுவதையும் எக்ஸ்.எம்.எல். வடிவில் எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

2. வாடிக்கையாளர் பெயர்களை யூனிகோட் தமிழிலேயே பதியுங்கள்.

3. மார்ச் 31 கணக்கு முடித்ததும் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஆடிட்டரிடமும் வையுங்கள். வடிவம் எத்தனை நல்லதானாலும், ஒரே பிரதியாக இருந்தால் தட்டு கெட்டதும் கணக்கும் போகும்.

4. எடுத்த பிரதியை வேறொரு கணிப்பொறியில் திறந்து, பத்துப் பெயர்களையாவது சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: எவரும் படிக்கக்கூடிய கோப்பு, வேண்டாதவர் கையிலும் படிக்கும். கல்லாவைப் போலவே அதையும் பூட்டி வையுங்கள். பூட்டு இருக்கட்டும், சாவி மட்டும் நம் இடுப்பில் இருக்க வேண்டும்.